புரிஞ்சுதா? ம், புரிஞ்சுது

மருந்துக் கவுண்டருக்குப் பின்னால் நின்ற முதல் பத்து வருஷத்தில் நான் அதிகம் சொன்ன வார்த்தை எது என்று யாராவது கணக்கெடுத்திருந்தால், "புரிஞ்சுதா?" தான் முதலிடத்தில் வந்திருக்கும். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பிட்ட பிறகு, ஐந்து நாள், நடுவில் நிறுத்தக் கூடாது, புரிஞ்சுதா? எதிரில் நிற்பவர் தலையை ஆட்டுவார். நான் கவரை நீட்டுவேன். அடுத்தவர். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. மற்றவர்கள் மாத்திரையைக் கவரில் போட்டுக் கொடுத்து அனுப்புகிறார்கள், நான் விளக்கிச் சொல்கிறேன், கடைசியில் புரிந்ததா என்றும் கேட்கிறேன், இதற்குமேல் என்ன வேண்டும்?

அந்தப் பெருமையை இறக்கி வைத்தது ஒரு இன்ஹேலர். அவர் அறுபதைத் தாண்டியவர், மூச்சிரைப்புக்காரர், இரண்டு வருஷமாக என்னிடம்தான் வாங்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கு வழக்கத்தைவிடப் பத்து நாள் முன்னாடியே வந்து நின்றார். "என்னமோ இது எனக்குக் கேட்கலைம்மா, டாக்டர்கிட்ட சொல்லி டோஸைக் கூட்டச் சொல்லணும்" என்றார். கூட்டம் இல்லாத மத்தியானம். சும்மாதானே நிற்கிறோம் என்று, "எப்படி அடிச்சுக்கறீங்க, ஒரு தடவை காட்டுங்களேன்" என்றேன்.

காட்டினார். குலுக்கவில்லை. நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து வைத்துக்கொண்டு, அதற்கப்புறம் இன்ஹேலரை வாயில் வைத்து, டப் டப் என்று இரண்டு அழுத்து அழுத்தி, உடனே வாயைத் திறந்து 'ஹா' என்று விட்டார். உதட்டோரத்தில் வெள்ளையாகப் புகை மாதிரி வெளியே வந்து கலைந்தது. அவ்வளவுதான், மருந்து முழுக்க அதுதான். நுரையீரலுக்குள் போயிருக்க வேண்டியது என் பில்லிங் மிஷினுக்கு மேலே மிதந்துகொண்டிருந்தது.

இரண்டு வருஷம். குறைந்தது இருபது தடவையாவது நான் அவரிடம் புரிஞ்சுதா என்று கேட்டிருப்பேன், இருபது தடவையும் அவர் தலையாட்டியிருப்பார், இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அன்றைக்கு உட்கார வைத்து, நன்றாகக் குலுக்கி, முதலில் இருக்கிற மூச்சை மெதுவாக வெளியே விட்டுவிட்டு, உதட்டை இறுக்கமாகப் பொருத்தி, உள்ளே இழுக்க ஆரம்பிக்கும் அதே நேரத்தில் ஒரே ஒரு அழுத்து, நிதானமாக இழுத்துக்கொண்டே போய், பத்து வினாடி அடக்கி, பிறகு விட்டு, அரை நிமிஷம் கழித்து இரண்டாவது என்று செய்து காட்டி, அவரையும் செய்யச் சொன்னேன். நாலாவது தடவையில் வந்தது. கையும் மூச்சும் சேர்ந்து வராதவர்களுக்கு ஸ்பேசர் என்று ஒரு குழாய் இருக்கிறது, அதையும் காட்டினேன். அவருடைய இன்ஹேலர் மருந்தில் ஸ்டீராய்டு இருக்கிறது, அடித்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்பாவிட்டால் வாய்க்குள் பூஞ்சை பிடிக்கும் என்பதையும் அன்றைக்குத்தான் அவர் காதில் விழும்படி சொன்னேன். "ஓ, அதனாலதான் நாக்கு வெள்ளையா இருந்துச்சா" என்றார். அதற்கு வேறு ஒரு சொட்டு மருந்து தனியாக வாங்கிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

டோஸைக் கூட்ட வேண்டிய அவசியம் வரவில்லை.

புரிஞ்சுதா என்பது கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் கேள்வி இல்லை. மரியாதையாகச் சொல்லக்கூடிய பதில் அதற்கு ஒன்றே ஒன்றுதான். பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள், எதிரில் வெள்ளைக் கோட்டு, உடம்பு வேறு சரியில்லை, இந்த நிலைமையில் "இல்லைங்க, எனக்கு ஒண்ணும் விளங்கலை" என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? எனக்கே வராது. வங்கியில் ஏதோ படிவத்தைக் காட்டி விளக்கிவிட்டு "ஓகேவா மேடம்?" என்றால் நானும் ஓகே என்றுதான் சொல்லிவிட்டு வருகிறேன்.

2006இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வைப் பற்றிப் பிறகு படித்தேன். 395 நோயாளிகளிடம் மருந்து லேபிள்களைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். அதில் ஒன்று, 'இரண்டு மாத்திரைகள், நாளொன்றுக்கு இரண்டு முறை'. படிப்பறிவு குறைவாக இருந்தவர்களில் 71 சதவீதம் பேர் அதைச் சரியாகவே படித்துச் சொன்னார்கள். சரி, ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை எடுப்பீர்கள், எண்ணிக் காட்டுங்கள் என்றபோது சரியாக நாலை எடுத்து வைத்தவர்கள் 35 சதவீதம்தான். வாய் சரியாகச் சொல்கிறது, கை தப்பாக எண்ணுகிறது. என் தொழிலில் நான் பத்து வருஷமாக வாயை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், கையைப் பார்க்கவே இல்லை.

இப்போது நான் கேட்பது மூன்று கேள்விகள். இவை என் சரக்கு இல்லை. அமெரிக்கப் பூர்வகுடி மக்களுக்காக அந்த நாட்டு அரசு நடத்தும் மருத்துவ சேவையின் மருந்தாளுநர்கள் பல வருஷங்களுக்கு முன்பே உருவாக்கிய முறை. இந்த மருந்து எதுக்குன்னு டாக்டர் சொன்னார்? எப்படிச் சாப்பிடச் சொன்னார்? சாப்பிட்டா என்ன ஆகும்னு சொன்னார்? இவ்வளவுதான். ஆமாம், இல்லை என்று தலையாட்டித் தப்பிக்க முடியாத கேள்விகள். பதிலில் ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் நான் பேசினால் போதும், தெரிந்ததையே திரும்பச் சொல்லி அவர்களைக் கொட்டாவி விட வைக்க வேண்டியதில்லை. நேரம் மிச்சம் என்றுகூடச் சொல்லலாம். கடைசியில், "வீட்டுக்குப் போனதும் உங்க பொண்ணு கேட்டா எப்படிச் சொல்லுவீங்க, எனக்கு ஒரு தடவை சொல்லுங்க" என்பேன். "நான் ஒழுங்கா சொன்னேனான்னு பார்த்துக்கத்தான்" என்றும் சேர்த்துக்கொள்வேன். இது வெறும் நயத்துக்காக இல்லை. அவர் தப்பாகச் சொன்னால் பிழை நிஜமாகவே என்னுடையதுதான்.

மூன்றாவது கேள்வியைத்தான் நாங்கள் அதிகம் விடுகிறோம், சேதமும் அங்கேதான் அதிகம். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சாகவும் சிவப்பாகவும் மாற்றும். தீங்கில்லாத விஷயம். ஆனால் முன்கூட்டிச் சொல்லாமல் அனுப்பினால், மறுநாள் காலையில் அந்த மனுஷன் கழிப்பறையில் ரத்தம் போகிறது என்று பதறி, மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுவான். ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டிய மருந்து. மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும் என்று சொல்லாவிட்டால், பத்தாவது நாள் "இதுவும் எனக்கு உதவலை" என்று இருக்கிற கொஞ்ச நம்பிக்கையும் போய்விடும். இரும்புச்சத்து மாத்திரையில் மலம் கறுக்கும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அம்லோடிபினில் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அரை நிமிஷத்தில் சொல்லி முடித்துவிடலாம், சொல்லாததற்கு மாதக்கணக்கில் அவர்கள் படுவார்கள்.

கனிவு, பரிவு, நோயாளியை மையமாக வைத்த மருத்துவம் என்றெல்லாம் பயிற்சி வகுப்புகளில் பேசுகிறார்களே, அதில் எனக்கு ஒரு எரிச்சல் உண்டு. பாதி நேரம் அது சிரிப்பைப் பற்றியும் குரலைப் பற்றியுமே இருக்கிறது. கண்ணைப் பார்த்துப் பேசுங்கள், பெயர் சொல்லி அழையுங்கள், வாடிக்கையாளர் மனம் குளிரும். சரி, செய்வோம். ஆனால் இனிக்க இனிக்கப் பேசிவிட்டு, தைராய்டு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாகப் போட அனுப்பினால் அது என்ன பரிவு? லெவோதைராக்ஸினை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால், கால்சியம், இரும்பு இரண்டுக்கும் நாலு மணி நேர இடைவெளி விட்டுப் போட வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் தைராய்டு அளவு ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை என்று அந்த அம்மா வருஷம் முழுக்கச் சோர்ந்து கிடப்பாள். நான் முகத்தைக் கடுகடு என்று வைத்துக்கொண்டு இதைச் சொல்லியிருந்தால்கூட அவளுக்கு அதுதான் நல்லது.

1990இல் ஹெப்ளர், ஸ்ட்ராண்ட் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் எழுதிய கட்டுரை ஒன்று எங்கள் தொழிலில் பெரிய பேச்சாக இருந்தது. மருந்தைச் சரியாக எடுத்துக் கொடுப்பதோடு மருந்தாளுநரின் வேலை முடிந்துவிடாது, அந்த மருந்தால் நோயாளியின் வாழ்க்கை தேறுகிறதா என்பதற்கும் அவர் பொறுப்பேற்க வேண்டும் என்பது அதன் சாரம். கல்லூரியில் பரீட்சைக்காக அதை மனப்பாடம் செய்தேன். பொறுப்பு என்ற சொல்லின் கனம் அந்த வெள்ளைப் புகையைப் பார்த்த மத்தியானம்தான் உறைத்தது.

ஒரு பையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒரு பெண் தன் அம்மாவின் மருந்துகளை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்து, "இதுல எதெல்லாம் தீர்ந்துபோச்சுன்னு எனக்கே தெரியலை, பார்த்து எடுத்துக் கொடுங்க" என்று கவுண்டரில் கொட்டினாள். பதினொரு அட்டை, இரண்டு சிரப் பாட்டில், ஒரு களிம்பு. பாதி அட்டைகளில் வெட்டி எடுத்ததில் பெயரும் காலாவதித் தேதியும் போயிருந்தது. (அட்டையை வெட்டும்போது பெயர் இருக்கும் பக்கத்தைக் கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து.) இரண்டு அட்டைகளில் வேறு வேறு பிராண்டு பெயர், உள்ளே ஒரே மருந்து. ஒவ்வொன்றும் எப்போது ஆரம்பித்தது, யார் எழுதியது என்று கேட்டுக்கொண்டே ஒரு காகிதத்தில் தேதி வரிசையாக எழுதினேன். எழுத எழுதக் கதை தன்னாலே வெளியே வந்தது.

முதலில் ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில். மூன்று வாரத்தில் வறட்டு இருமல். இருமலுக்கு இன்னொரு டாக்டர், அவர் எழுதியது கோடீன் கலந்த சிரப். சிரப் குடித்ததும் மலச்சிக்கல், அதற்கு ஒரு மலமிளக்கிப் பொடி. பகலெல்லாம் தூக்கம், எழுந்து நடந்தால் தள்ளாட்டம், அதற்குத் தலைசுற்றல் மாத்திரை. அந்தப் பெண்ணைப் பொறுத்தவரை அம்மாவுக்கு வயசாகிறது, ஒன்று மாற்றி ஒன்று வருகிறது, அவ்வளவுதான். ராமிப்ரில் இருக்கும் குடும்பத்து மருந்துகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும் என்பது மருந்தாளுநருக்குப் படிக்கிற மாணவனுக்கும் தெரிந்த விஷயம். ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது வியாதி என்று நினைத்து அதற்கு இன்னொரு மருந்து, அதன் பக்கவிளைவுக்கு இன்னொன்று. 1990களிலேயே இதற்கு 'பிரிஸ்கிரைபிங் கேஸ்கேட்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இதில் எந்த டாக்டரையும் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது. ஒவ்வொருவரும் தன் முன்னால் வந்த தொந்தரவுக்குச் சரியான மருந்துதான் எழுதினார்கள். பை முழுவதையும் ஒன்றாகப் பார்த்த ஆள்தான் யாரும் இல்லை. எல்லா டாக்டர்களுடைய சீட்டும் வந்து சேரும் இடம் மருந்துக் கவுண்டர் மட்டும்தான், நாங்களும் பார்க்காவிட்டால் வேறு யார் பார்ப்பது?

அதற்காக நானே ராமிப்ரிலை நிறுத்தச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். இது ஒரு தனிக் கலை. "நீங்க எழுதினதாலதான் இருமல்" என்று ஆரம்பித்தால் அங்கே போனை வைத்துவிடுவார்கள், மாட்டிக்கொள்வது நோயாளிதான். நான் தேதிகளை மட்டும் சொல்வேன். "ராமிப்ரில் ஆரம்பிச்சது இந்தத் தேதி டாக்டர், இருமல் வந்தது அதுக்கு மூணு வாரம் கழிச்சு, சிரப் வேற எடத்துல எழுதியிருக்காங்க, நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்றீங்களா." இரண்டு நொடி மௌனம். அப்புறம், "அட, சிரப் வேற குடிக்கிறாங்களா? மாத்திடலாம்" என்றார். வேறு வகை மருந்துக்கு மாற்றினார். இருமல் நிற்க ஒரு மாதம் பிடித்தது. சிரப் போனது, பொடி போனது, தலைசுற்றல் மாத்திரையும் போனது. அடுத்த தடவை அந்தப் பெண் கொண்டுவந்த பை இளைத்திருந்தது.

எங்கள் தொழில் பிறந்ததே இந்த இரண்டாவது கண்ணுக்காகத்தான் என்று நான் நினைப்பதுண்டு. 13ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ஃபிரெடெரிக் என்ற ஐரோப்பியப் பேரரசர், 1240ஐ ஒட்டி, மருத்துவம் பார்ப்பவரும் மருந்து தயாரித்து விற்பவரும் தனித்தனி ஆட்களாக இருக்க வேண்டும், இரண்டு பேரும் தொழிலில் கூட்டுச் சேரக் கூடாது என்று சட்டம் போட்டார். அவர் என்ன காரணத்துக்குப் போட்டாரோ, அதனால் நோயாளிக்குக் கிடைத்தது இன்னொரு ஆள் பார்க்கும் வாய்ப்பு.

அந்த இரண்டாவது கண் எப்போதும் அன்பாகத் தெரியாது. ஒரு சீட்டில் மெத்தோட்ரெக்ஸேட் 'தினமும் ஒன்று' என்று இருந்தது. மூட்டுவாதத்துக்கு அதை வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் கொடுப்பார்கள். தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை அடி வாங்கும், உலகம் முழுக்க இந்த ஒரு பிழையால் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். டாக்டர் போனை எடுக்கவில்லை. சீட்டைக் கொண்டுவந்த அம்மாள் அவசரத்தில் இருந்தார். "எழுதியிருக்கறதைக் கொடுக்க வேண்டியதுதானே உன் வேலை" என்றார். நாற்பது நிமிஷம் நின்றார், நான் கொடுக்கவில்லை, கடைசியில் என்மேல் புகாரும் எழுதிக் கொடுத்தார். டாக்டர் கிடைத்ததும், 'வாரம் ஒருமுறை' என்பதுதான் சரி என்றார். அப்போதும் அந்த அம்மாளுக்குக் கோபம் தணியவில்லை, அவருடைய பஸ் போய்விட்டிருந்தது. அட்டையின் மேல் 'புதன்கிழமை மட்டும்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். வாரம் ஒருமுறை என்று எழுதினால் போதாது, கிழமையைச் சேர்த்து எழுத வேண்டும். அதன் பக்கவிளைவைக் குறைக்க மறுநாள் போடும் ஃபோலிக் அமிலத்தில் அவருக்குக் குழப்பம் வந்துவிடக் கூடாது என்று அதையும் வேறு நிறப் பேனாவில்.

இனி மாத்திரை போடாதவர்கள் கதை.

உலக சுகாதார அமைப்பு 2003இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. வளர்ந்த நாடுகளிலேயே, நீண்டகால நோய்களுக்கு மருந்து எடுப்பவர்களில் சராசரியாகப் பாதிப் பேர்தான் சொன்னபடி எடுக்கிறார்கள் என்றது. பாதி! இதைப் படித்தவுடன் எல்லோருக்கும் தோன்றுவது 'மறதி'. உடனே அலாரம், ஆப், கிழமை போட்ட மாத்திரைப் பெட்டி. மறந்துபோகிறவர்களுக்கு அதெல்லாம் உதவும். ஆனால் நான் பார்த்தவரை மறதி என்பது பலருக்கு ஒரு சாக்கு, சொல்ல வசதியான காரணம். உண்மையான காரணம் இரண்டாவது, மூன்றாவது சந்திப்பில்தான் வெளியே வரும். பிரஷர் மாத்திரை போட்டதிலிருந்து மனைவியிடம் நெருங்க முடியவில்லை என்று ஒருவர். நீர் பிரிய வைக்கும் மாத்திரையைப் போட்டால் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் எப்படிப் போவது என்று ஒருவர். கையில் காசு குறைந்ததால் பாதிப் பாதியாக உடைத்துச் சாப்பிடுகிறார் ஒருவர், அதுவும் உடைக்கவே கூடாத, உள்ளே மெதுவாகக் கரைகிற ரகத்தை. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு என்று பலர். இது எதுவுமே முட்டாள்தனம் இல்லை. அவரவர் இடத்தில் நின்று பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் வழியும் இருக்கிறது. நேரத்தை மாற்றலாம், மருந்தை மாற்றச் சொல்லிக் கேட்கலாம், விலை குறைந்த ஜெனரிக்கைக் கொடுக்கலாம். காரணம் வெளியே வந்தால்தானே!

அது வெளியே வர, கேட்கிற விதம் ஒன்று இருக்கிறது. "ஒழுங்கா போடறீங்களா?" என்றால் மறுபடியும் தலையாட்டல்தான். "நிறையப் பேருக்கு நடுநடுவுல விட்டுப்போகும், போன வாரத்துல உங்களுக்கு எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்றால் "ஒரு மூணு நாள் இருக்கும்" என்று வரும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், அதுதான் கஷ்டம். ஐந்து வினாடி மௌனம் கவுண்டரில் ஐந்து நிமிஷம் மாதிரி இருக்கும், நமக்கு ஏதாவது சொல்லி நிரப்பத் தோன்றும். நிரப்பினால் போச்சு.

இன்னொன்று, குரலின் அளவு. மருந்துக் கவுண்டர் என்பது வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் காது கேட்கும் மேடை. அந்த மேடையில் நின்று "இது மூல நோய்க்கு உள்ளே வைக்கிறது" என்று கத்திச் சொன்னவள்தான் நானும், முதல் வருஷத்தில். அந்தப் பையன் காதுவரை சிவந்துபோய்க் கவரைப் பிடுங்கிக்கொண்டு போனான், திரும்பி வரவே இல்லை. இப்போது ஓரமாகக் கூப்பிட்டுப் பேசுகிறேன், இடம் இல்லையென்றால் ஒரு காகிதத்தில் எழுதி நீட்டுகிறேன்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று இதைப் படிக்கும் சக மருந்தாளுநர்கள் கேட்பீர்கள். நியாயம்தான். நான் வேலை பார்க்கும் இடத்தில் முன்பு, ஒரு மணி நேரத்தில் யார் எத்தனை சீட்டு முடித்தார்கள் என்று பலகையில் எழுதி வைப்பார்கள். இன்ஹேலரைக் காட்டச் சொன்ன அந்த மத்தியானம் பலகையில் என் பெயருக்கு நேரே இருந்த எண்தான் மிகக் குறைவு. பேசுவதற்குக் கூலி கிடையாது, விற்பதற்குத்தான் என்று இருக்கும்வரை இது மாறாது. மாற்றிப் பார்த்த இடங்களும் உண்டு. 1990களின் பின்பகுதியில் அமெரிக்காவில் ஆஷ்வில் என்ற ஊரின் நகராட்சி, சர்க்கரை நோய் இருந்த தன் ஊழியர்களை மருந்தாளுநர்கள் மாதாமாதம் உட்கார வைத்துப் பேசச் சொல்லி, பேசுவதற்கென்றே பணமும் கொடுத்தது. சர்க்கரை கட்டுக்குள் வந்தது, உடம்பு முடியவில்லை என்று லீவு போடுவது குறைந்தது. மருந்துச் செலவு கூடியது, மொத்த மருத்துவச் செலவு குறைந்தது. மருந்துச் செலவு ஏன் கூடியது? அப்போதுதான் ஒழுங்காக மருந்து வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தார்கள்!

எல்லாப் பேச்சும் மருந்தைப் பற்றி இருக்காது. புற்றுநோய் முற்றிய தன் அம்மாவுக்கு மார்ஃபின் வாங்க ஒரு மகன் வருவார். முதல் தடவை, கவுண்டரில் குனிந்து, "இதைக் கொடுத்தா அம்மா அடிமையாயிடுவாங்களா?" என்று கேட்டார். அந்தப் பயத்தில் பாதி அளவுதான் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார், அம்மா ராத்திரியெல்லாம் முனகிக்கொண்டிருந்திருக்கிறார். வலிக்காக டாக்டர் சொன்ன அளவில் கொடுப்பது வேறு, போதைக்காக எடுப்பது வேறு, நேரம் தவறாமல் கொடுங்கள், வலி வந்த பிறகு துரத்திக்கொண்டு ஓடாதீர்கள், மலச்சிக்கல் நிச்சயம் வரும், அதற்கான மருந்தை முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கொடுங்கள் என்றேன். அப்புறம் ஆறு வாரம் வந்துகொண்டிருந்தார். ஏழாவது வாரம் பாதி பாட்டிலோடு வந்தார். "மீதி இருக்கு. வீட்டுல வச்சுக்கக் கூடாதுன்னு சொன்னீங்க." திருப்பி எடுப்பதற்கு ஒரு பதிவேடு இருக்கிறது, அளவை எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். பதிவேட்டை எடுக்கக் கை போனது. அதை விட்டுவிட்டு, "கடைசியில வலி இருந்துச்சா?" என்று கேட்டேன். "இல்லை. தூங்கிட்டு இருந்தாங்க" என்றார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

சரி, அந்த இன்ஹேலர்காரரிடம் திரும்பி வருகிறேன். இப்போதும் வருகிறார். ஒவ்வொரு தடவையும் நான் கேட்பதற்கு முன்னாலேயே ஒரு பரீட்சை மாதிரி செய்து காட்டிவிட்டுத்தான் பில் போட விடுவார், பத்து வினாடி அடக்கும்போது விரலை மடக்கி எண்ணிக் காட்டுவார், வரிசையில் நிற்பவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். போன மாதம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, உங்களுக்கும் பிரஷர்னு சொன்னீங்களே, மாத்திரை போடறீங்களா?" என்றார்.

"போடறேன் ஐயா" என்று தலையாட்டினேன்.

அவர் விடவில்லை. "போன வாரத்துல எத்தனை நாள் விட்டுப்போச்சு?"

என் கேள்வி, என் கவுண்டரிலேயே, என் வார்த்தையிலேயே. இரண்டு நாள் என்றேன். உண்மையில் மூன்று. அவர் ஏன் என்று கேட்டுவிட்டு, இன்ஹேலரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் கவுண்டர்மேல் ஊன்றிப் பதிலுக்காக நின்றார்.